மொழி அறியாத ஊருக்குத் தீர்த்த யாத்திரை
(காசி, கயை, பிரயாகை செல்லவிருக்கும் அன்பர்களுக்கு)

பிரயாகை, காசி, கயை ஆகிய மூன்று திருத்தலங்களையும் ஒருசேரத் ‘திரிஸ்தலி’ என்று வழங்குவர் பெரியோர். இராமேசுவரத்தில் தொடங்கி, சேதுவில் எடுத்த மணலைத் திரிவேணி சங்கமத்தில் சேர்ப்பித்து, கங்கை நீரைக் கொணர்ந்து மீண்டும் இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்து யாத்திரையை நிறைவு செய்தல் நம் முன்னோர் கண்ட மரபு. இந்த யாத்திரைக்கு எந்த மாதம் உகந்தது, எவ்வெத் தீர்த்தத்தில் நீராட வேண்டும், என்னென்ன தானம் செய்ய வேண்டும் என்பனவற்றைக் கூறும் நூல்கள் பல உள. புறப்படுவோரும் இவற்றையெல்லாம் கேட்டறிந்து குறித்துக்கொள்கின்றனர். ஆயினும், மதுரையையும் தஞ்சையையும் தாண்டிச் சென்றறியாத ஒருவர் காசி இரயில் நிலையத்தில் இறங்கியவுடன் முதலில் எதிர்கொள்வது தீர்த்தமும் அன்று, தானமும் அன்று. தமக்கு ஒரு சொல்லும் விளங்காத பேச்சும், ஓர் எழுத்தும் புரியாத பலகைகளுமே ஆகும். “பாஷை தெரியாதே, எப்படிப் போவது?” என்ற ஒரே அச்சத்தால் காசி யாத்திரையை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டு வருவோர் நம்மிடையே பலர். அவர்கள் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்தக் கவலை இன்று நேற்று வந்ததன்று. ஐந்து வயது வரை வாய் பேசாதிருந்து, திருச்செந்தூர்ப் பெருமான் திருவருளால் பேசும் ஆற்றல் பெற்றவர் ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த குமரகுருபர சுவாமிகள். 17ஆம் நூற்றாண்டில் அவர் காசிக்கு எழுந்தருளியபோது அங்கு முகலாயர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. மடம் அமைக்க இடம் வேண்டுமெனில் ஆள்வோரிடம் பேச வேண்டும். பேசுவதற்கோ இந்துஸ்தானி மொழி தெரியாது. அம்மொழி விரைவில் கைவர வேண்டிக் கலைமகள் மீது ‘சகலகலாவல்லி மாலை’ பாடினார் என்பதும், பின்னர் கேதார கட்டத்தில் குமாரசாமி மடம் எழுந்தது என்பதும் மரபாக வழங்கும் வரலாறு. தமிழில் கடல் போன்ற புலமை உடையவருக்கும் கங்கைக்கரையில் வேற்றுமொழி தேவைப்பட்டது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

1830ஆம் ஆண்டு சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பிய ஏனுகுல வீராசாமி என்பாரும் ஈண்டு நினைக்கத் தக்கவர். சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். பல மொழி அறிந்திருந்தும், பெருங்கூட்டமாகப் பரிவாரத்துடன் சென்று, வழியில் கண்ட ஊர்களையும் தங்குமிடங்களையும் பின்னால் வருவோருக்குப் பயன்படும் வண்ணம் தெலுங்கில் எழுதி வைத்தார்.

நமக்கு அத்தகைய புலமையும் இல்லை, பரிவாரமும் இல்லை. பயணச்சீட்டு எடுத்த நாளிலிருந்து புறப்படும் நாள் வரை ஒன்றிரண்டு மாதங்களே இருக்கும். அதற்குள் இந்தி மொழியைக் கற்றுவிட இயலுமா என்றால், இயலாது. இயலாததை முயன்று சலிப்பதைக் காட்டிலும், எவை மட்டும் தேவை என்று தேர்ந்து ஆயத்தம் செய்வதே அறிவுடைமை.

கேள்வி எளிது, விடை அரிது

பெரும்பாலோர் செய்யும் ஆயத்தம் யாதெனில், கடையில் ஒரு சிறு நூலை வாங்கி, “கோயில் எங்கே இருக்கிறது?”, “இதன் விலை என்ன?” என்பன போன்ற இருபது வாக்கியங்களை மனப்பாடம் செய்வது. இதில் ஓர் இடையூறு உண்டு. வினாவை நாம் பிழையின்றிக் கூறிவிட்டால், கேட்பவர் நமக்கு மொழி தெரியும் என்று எண்ணி, விடையை மடமடவென்று நீளமாகச் சொல்லிவிடுவார். “முஜே ஹிந்தீ நஹீ(ம்) ஆதீ” (எனக்கு இந்தி தெரியாது) என்பதையே அழகாகச் சொல்லிவிட்டால் அதையும் நம்பமாட்டார்! வினாவைக் கற்பது அரை வேலை. விடை எவ்வாறு வரும் என்பதை எதிர்பார்த்துக் கேட்பதே முழு வேலை.

ஆதலின், கையாலோ விரலாலோ எண்ணாலோ விடை கூறத்தக்க வினாக்களையே கேட்கப் பழக வேண்டும். “கேதார் காட்?” என்று இடத்தின் பெயரை மட்டும் சொல்லி நின்றால், எதிரில் உள்ளவர் கையை நீட்டித் திசையைக் காட்டுவார். “கேதார் காட்டுக்கு எப்படிப் போக வேண்டும்?” என்று முழு வாக்கியமாகக் கேட்டால் முழு வழியையும் வாயால் சொல்லுவார். முன்னது மரியாதைக் குறைவு என்று கருத வேண்டா. ‘பையா’ (அண்ணா), ‘தீதீ’ (அக்கா), ‘மாதாஜீ’ (அம்மா) என்று முதலில் விளித்துவிட்டால் போதும். ‘பையா’ என்பது நம் செவிக்குச் சிறுவனை அழைப்பதுபோல் ஒலித்தாலும், அங்கு அது தமையனை அழைக்கும் மதிப்புச் சொல்லே.

திசை கூறும் சொற்கள் ஐந்தாறே: தாயே(ம்) – வலம், பாயே(ம்) – இடம், ஆகே – முன்னே, பீச்சே – பின்னே, ஊபர் – மேலே, நீச்சே – கீழே. நேராக என்பதற்கு ‘சீதா’ என்பார்கள். வழி கேட்ட இடத்திலெல்லாம் ‘சீதா, சீதா’ என்று சொல்லக் கேட்டுச் சீதாதேவியை நினைத்துக்கொள்வோர் உண்டு; அதனால் தவறும் இல்லை, சொல் மறவாமல் இருக்கும். பழைய தமிழ் நூல்கள் ‘கட்டம்’ என்றும் ‘படித்துறை’ என்றும் குறிப்பதை அங்குள்ளோர் ‘காட்’ என்றே கூறுவர்.

எண்களில் உள்ள நுட்பம்

மொழி தெரியாதவருக்குப் பணம் நட்டமாவது பெரும்பாலும் எண்களில்தான். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச் எனப் பத்து வரை கற்பது எளிது. இருபது (பீஸ்), ஐம்பது (பச்சாஸ்), நூறு (ஸௌ), ஆயிரம் (ஹஜார்) ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை உள்ள எண்கள் தமிழைப் போல் ஒழுங்காக அமைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் தனிச்சொல் போலவே ஒலிக்கும். அவற்றைக் கற்க முற்பட வேண்டா. ஆனால் பின்வருவனவற்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ‘டேட்’ என்றால் ஒன்றரை. ‘டாயீ’ என்றால் இரண்டரை. ‘ஸவா’ என்றால் காலே அரைக்கால் கணக்கில் வரும் ‘காலும்’. ‘ஸாடே’ என்றால் ‘அரையும்’. ‘பௌனே’ என்றால் கால் குறைவு.

ஆட்டோ ஓட்டுநர் ‘டேட் ஸௌ’ என்று கூறினால், ‘ஸௌ’ என்பது மட்டும் நம் காதில் விழுந்து, நூறு ரூபாய் என்று எண்ணி ஏறி அமர்ந்துவிடுவோம். இறங்கும்போது அவர் நூற்றைம்பது கேட்பார். நாம் ஏமாற்றுகிறார் என்போம். அவர் முதலிலேயே சொன்னேன் என்பார். இருவரும் மெய்யே கூறுகின்றனர்! ‘டாயீ ஸௌ’ என்றால் இருநூற்றைம்பது. படித்துறைகளில் படகுக் கூலி பேசும்போதும் இதே சொற்கள்தாம் வரும். இக்குழப்பம் நேராதிருக்க எளிய வழி, கைபேசியின் கணக்குப் பலகையிலோ ஒரு தாளிலோ தொகையை எழுதிக் காட்டச் செய்வது. அவ்வூரில் பெரும்பாலும் நாம் வழங்கும் அதே எண்களையே எழுதுவர். எழுதிய தொகை ஒருவருக்கா, குடும்பம் முழுமைக்குமா என்பதை விரலால் சுட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேரத்திற்கும் இவையே. ‘ஸாடே சார்’ நாலரை மணி; ‘பௌனே பாஞ்ச்’ நாலே முக்கால்; ‘ஸவா பாஞ்ச்’ ஐந்தே கால்; ‘டேட் பஜே’ ஒன்றரை மணி. கயைக்குச் செல்லும் வண்டி அதிகாலை எத்தனை மணிக்கு வரும் என்று புரோகிதரோ ஓட்டுநரோ சொல்லும்போது இந்தச் சொல்லைத் தவறவிட்டால் சிராத்தத்திற்கு உரிய காலமே தவறிவிடும். இன்னொரு விந்தையும் உண்டு. ‘கல்’ என்ற ஒரே சொல் அங்கு நேற்றைக்கும் நாளைக்கும் பொருந்தும். ‘பர்ஸோ(ம்)’ என்பது முந்தாநாளையும் குறிக்கும், நாளை மறுநாளையும் குறிக்கும். வினைச்சொல்லை வைத்தே எது என்று அறிய முடியும். நமக்கோ வினைச்சொல் தெரியாது. ஆகவே நாளைப் பற்றிய பேச்சு எதுவாயினும் நாட்காட்டியைக் காட்டித் தேதியின் மேல் விரலை வைத்து உறுதி செய்துகொள்வதே முறை.

எழுத்தால் வரும் தடுமாற்றம்

நம் தமிழில் ‘க’ என்ற ஓரெழுத்தே நான்கு ஒலிகளுக்கு நிற்கும். சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிற்றிலக்கங்கள் அச்சிட்டிருப்பதை அன்பர்கள் அறிவீர்கள். அந்த இலக்கங்களின் அருமை வடநாடு சென்றால்தான் விளங்கும். தமிழில் ‘கானா’ என்று எழுதியதை மூன்றாம் ககரமாக ஒலித்தால் பாட்டு. இரண்டாம் ககரமாக ஒலித்தால் உணவு. ‘பால்’ என்ற நம் சொல் அவர்கள் காதில் மயிர் என்று பொருள்படும் சொல்லை ஒத்து விழக்கூடும். பாலுக்கு அங்குப் பெயர் ‘தூத்’. ‘கயா’ என்று எழுதியதைத் தமிழ் முறைப்படி வன்மையாக உச்சரித்தால் பயணச்சீட்டு வழங்குபவர் விழிப்பார். ‘கோவிந்தா’ என்னும்போது முதலெழுத்தை எப்படி ஒலிக்கிறோமோ அப்படி ஒலிக்க வேண்டும். எனவே தமிழ் எழுத்தில் அச்சான இந்தி நூல்களை வாங்குவோர், இலக்கங்கள் இட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குதல் நன்று.

வடமொழி வழியாகவும் பிறவழியாகவும் இரு மொழிகளுக்கும் பொதுவாக வந்த சொற்கள் பல. ரசீது, பாக்கி, தயார், அலமாரி, சீனி என்பனவற்றைச் சொன்னால் அங்கும் ஏறத்தாழ விளங்கும். ஆனால் சில சொற்கள் உருவம் ஒன்றாயிருந்து பொருள் மாறி நிற்பவை. நாம் ‘அவசரம்’ என்றால் விரைவு; அவர்களுக்கு அது வாய்ப்பு. ‘உபந்யாஸ்’ என்றால் அங்கு நாவல். மாலையில் உபந்நியாசம் எங்கே என்று கேட்டால் புத்தகக் கடையைக் காட்டக்கூடும். ‘சம்சாரம்’ என்று மனைவியைச் சுட்டினால் உலகம் என்று கொள்வார்கள். காசி நகரில் பங்கு ஆட்டோக்காரர்கள் ‘கசஹரீ, கசஹரீ’ என்று கூவுவது நம் கச்சேரிதான். ஆனால் இசைக் கச்சேரி அன்று, நீதிமன்றம் உள்ள பகுதி. ‘லங்கா, லங்கா’ என்று கூவுவதைக் கேட்டுத் திகைக்க வேண்டா. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடுத்த பகுதிக்கு இலங்கை என்றே பெயர்.

இந்தி எழுத்தைப் படிக்கக் கற்பது நல்லதே. அதற்குக் காலம் இல்லாதவர்கள் வேறொன்று செய்யலாம். ஒவ்வோர் ஊரிலும் இந்தி கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரேனும் இருப்பார். 1918ஆம் ஆண்டு காந்தியடிகள் நிறுவிய தட்சிண பாரத இந்திப் பிரசார சபையின் தேர்வுகளுக்கு நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்பவர் அவர். அவரிடம் சென்று, வாராணசி, கயா, பிரயாக்ராஜ் என்ற மூன்று பெயர்களையும், தங்கப்போகும் சத்திரத்தின் பெயரையும், கழிப்பிடங்களில் எழுதியிருக்கும் ‘புருஷ்’ (ஆண்கள்), ‘மஹிலா’ (பெண்கள்) என்ற இரு சொற்களையும் அட்டையில் பெரிதாக எழுதித் தரும்படி கேட்டுக்கொள்ளலாம். படிக்க வேண்டிய தேவையில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கோலத்தோடு கோலம் ஒப்பிடுவதுபோல் பலகையோடு ஒப்பிட்டால் போதும். இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலமும் இருக்கும். நகரப் பேருந்துகளிலும் கிராமப்புற வண்டிகளிலும் பெரும்பாலும் இந்தி மட்டுமே காணப்படும். அங்கு இவ்வட்டை உதவும்.

மாறிய பெயர்கள்

முன்பு சென்று வந்த பெரியவர்கள் சொல்லும் நிலையப் பெயர்கள் சில இன்று பலகையில் இல்லை. முகல்சராய் என்று அவர்கள் கூறும் பெரிய சந்திப்பு 2018ஆம் ஆண்டு முதல் பண்டித தீனதயாள் உபாத்யாயா சந்திப்பு. அலகாபாத் நகரம் அதே ஆண்டில் பிரயாக்ராஜ் ஆயிற்று. நிலையப் பெயர் 2020இல் மாறியது. காசியிலுள்ள மண்டுவாடீஹ் நிலையம் 2021 முதல் பனாரஸ் என வழங்குகிறது. வாராணசி சந்திப்பு வேறு, பனாரஸ் வேறு, காசி என்ற பெயரிலேயே உள்ள நிலையம் வேறு. பலகையில் புதுப்பெயர் இருப்பினும், உள்ளூர் மக்களின் நாவில் பழைய பெயரே நிற்கிறது. ஆகவே இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்; பயணச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துக் குறியீட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டால் மயக்கம் வாராது.

இரவில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. இறங்கும் ஊருக்கு முன் வரும் இரண்டு மூன்று நிலையங்களின் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வது இதற்கு மருந்து. காசியிலிருந்து கயைக்குச் செல்லும்போது ஸஸாராம், அதன்பின் டெஹ்ரி ஆன் ஸோன் நிலையம் வரும். அதைக் கடந்தவுடன் வண்டி ஸோன் நதியின் மீது சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் ஏறும். 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் ஓசையைத் தூக்கத்திலும் உணரலாம். அது கேட்டால் இனி உறங்கலாகாது. மூட்டைகளை ஒழுங்கு செய்யத் தொடங்க வேண்டும். இந்த அடையாளத்திற்கு எம்மொழியும் தேவையில்லை.

உடலோடு இருக்க வேண்டிய சீட்டு

இனிக் கூறப்போவதே எல்லாவற்றினும் தலையாயது. நாம் பிறரிடம் பேசுவதற்கு ஆயத்தம் செய்கிறோம். ஆனால் நாம் பேச இயலாத நிலையில், நம்மைப் பற்றிப் பிறருக்குத் தெரிவிப்பது யார்?

பிரயாகையில் மாசி, தை மாதக் கூட்டத்தில் குடும்பத்தை விட்டுப் பிரிந்துபோவோரை மீட்டுச் சேர்ப்பதற்காக ராஜாராம் திவாரி என்னும் அன்பர் 1946ஆம் ஆண்டு ஒரு முகாமைத் தொடங்கினார். ‘பூலே பட்கே’, அதாவது வழிதவறி அலைவோர் என்னும் பெயரால் அது அறியப்படுகிறது. 2016இல் அவர் மறையும் வரை அப்பணியை நடத்தினார். காணாமற்போனவரின் பெயர், ஊர், உடன் வந்தவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு ஒலிபெருக்கியில் அறிவிப்பதே அங்கு நடைமுறை. 2025ஆம் ஆண்டு மகா கும்பமேளாவில் அரசு கணினி வசதியுடன் கூடிய மையங்களையும் அமைத்திருந்தது. எத்துணை வசதி இருப்பினும், எழுபது வயதுத் தமிழ்த் தாய் ஒருவர் அங்கு வந்து அமர்ந்து, தம் ஊர் பெயரைத் தம் வட்டார வழக்கில் சொல்லி அழுதால், எழுதிக்கொள்பவர் என்ன எழுதுவார்? மகன் பெயரைக் கேட்கிறார்களா, கணவர் பெயரைக் கேட்கிறார்களா என்பது அவருக்கு எப்படி விளங்கும்?

ஆதலின், குழுவில் வரும் ஒவ்வொருவருக்கும், குறிப்பாக முதியோருக்கும் குழந்தைகளுக்கும், ஓர் அட்டை இருத்தல் வேண்டும். மேற்பகுதியில் இந்தியிலும், கீழே ஆங்கிலத்திலும், அடியில் தமிழிலும் இவை எழுதப்பட்டிருக்க வேண்டும்: “இவர் பெயர் இன்னது. இவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். தங்கியிருப்பது இந்தச் சத்திரத்தில். இவருடன் வந்தவரின் தொலைபேசி எண் இது. இவருக்கு இன்ன நோய் உள்ளது, இன்ன மருந்து உண்கிறார்.” எண்கள் இரண்டு வேண்டும்: உடன் வந்தவருடையது ஒன்று, ஊரிலிருக்கும் உறவினருடையது ஒன்று. உடன் வந்தவரும் அதே கூட்டத்தில் எண்ணை எடுக்காமல் அலைந்துகொண்டிருப்பார் அல்லவா? சத்திரம் மாறும்போது அட்டையும் மாற வேண்டும். காசிச் சத்திரத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு கயையில் நிற்பதால் பயனில்லை.

இந்த அட்டையைக் கைப்பையில் வைக்கலாகாது. கங்கையில் நீராடும்போது பை கரையில் இருக்கும். நாம் நீரில் இருப்போம். நனையாதபடி நெகிழி உறையிட்டுக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்வதே தக்கது. பள்ளிப் பிள்ளைபோல் இருக்கிறதே என்று சில பெரியவர்கள் வெட்கப்படுவர். அவர்களை வற்புறுத்தியேனும் அணிவிக்க வேண்டும் என்பது எம் கருத்து.

“கைபேசிதான் இருக்கிறதே, அதில் மொழிபெயர்க்கும் வசதியும் உண்டே” என்று இளைஞர்கள் கேட்கலாம். உண்மைதான். கூகுள் மொழிபெயர்ப்புச் செயலி, மத்திய அரசின் ‘பாஷிணி’ போன்றவை தமிழில் பேசினால் இந்தியில் ஒலிக்கச் செய்கின்றன. பலகையைப் படமெடுத்தால் பொருளும் காட்டுகின்றன. இணையம் கிடைக்காத இடத்திலும் இயங்குவதற்கான மொழிக் கோப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிறுசிறு வாக்கியமாகப் பேசினால் அவை நன்றாகவே உதவும். ஆனால் காசி விசுவநாதர் சந்நிதிக்குள் கைபேசி கொண்டுசெல்ல அனுமதி இல்லை. வெளியே பெட்டகத்தில் ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும். கூட்டம் எங்கு மிகுதியோ, பிரிந்துபோவது எங்கு எளிதோ, அங்குதான் கைபேசி நம்மிடம் இராது. தரிசனம் முடிந்து வேறு வாயில் வழியே வெளியேறியவர், தம் கைபேசி எந்தப் பெட்டகத்தில் உள்ளது என்றும், மகன் எண் என்ன என்றும் அறியாமல் நிற்பது அன்றாடம் காணும் காட்சி. 2021 திசம்பரில் திறக்கப்பட்ட புதிய வளாகத்தின் வாயில்களுக்கு எண்கள் உண்டு. உள்ளே செல்லுமுன் குடும்பத்தார் அனைவரும் ஒரு வாயில் எண்ணைக் குறித்து, “பிரிந்தால் இங்கே வந்து நிற்க வேண்டும், தேடிக்கொண்டு அலையக் கூடாது” என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ‘கேட் நம்பர்’ என்றால் அங்கு எல்லோருக்கும் விளங்கும். டிக்கெட், ஸ்டேஷன், போலீஸ், ஆஸ்பத்திரி என்பனவும் அவ்வாறே. ஆபத்து நேரின் நாடு முழுவதற்கும் பொதுவான 112 என்ற எண் உள்ளது.

தமிழ் கேட்கும் இடங்கள்

காசியில் தமிழ் அறவே கேட்காது என்று எண்ண வேண்டா. கோதௌலியாவை அடுத்து நாட்டுக்கோட்டை நகரத்தார் 1863ஆம் ஆண்டில் நிறுவிய சத்திரம் உள்ளது. விசுவநாதர் பூசைக்கு நாள்தோறும் அங்கிருந்து திரவியங்கள் செல்கின்றன. அனுமன் கட்டத்தில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. மகாகவி பாரதியார் 1898 முதல் சில ஆண்டுகள் அத்தை வீட்டில் தங்கி இந்தியும் வடமொழியும் பயின்றது அங்குதான். முதன்முறை செல்வோர் முதலிரு நாட்களேனும் தமிழ் பேசும் இடத்தில் தங்கி, ஊரின் போக்கை அறிந்துகொண்டு, பின்னர் வேறிடம் செல்லலாம். இடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு புறப்படுதல் அவசியம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகக் கூற வேண்டியுள்ளது. நிலையத்திலும் படித்துறையிலும் “வாங்க, வாங்க, சாமி தரிசனம்” என்று தமிழில் அழைப்போர் பலர். இரண்டு நாள் இரயிலில் வந்து வேற்றுமொழி கேட்டுக் களைத்த காதில் தாய்மொழி விழுந்தவுடன் மனம் இளகி, எவ்வளவு என்றும் கேளாமல் பின்தொடர்ந்துவிடுகிறோம். அவர்களுள் நல்லவர் பலர்; பிழைப்புக்காகப் பத்துச் சொல் கற்றவர்களும் பலர். தமிழ் பேசுகிறார் என்பது ஒருவரை நம்புவதற்குரிய சான்றாகாது. இந்திக்காரரிடம் எழுதி வாங்கும் தொகையை இவரிடமும் எழுதியே வாங்குக.

உணவில், வெங்காயம் பூண்டு தவிர்ப்போர் ‘பினா ப்யாஜ் லஹ்ஸுன்’ என்றும், காரம் குறைக்க ‘மிர்ச் கம்’ என்றும் கூறலாம். நீரிழிவு உள்ளோர் ‘ஃபீகீ சாய்’ என்றால் சர்க்கரை இல்லாத தேநீர் கிடைக்கும். மருந்தைப் பொறுத்தவரை மொழி ஒரு தடையே அன்று. மருத்துவர் சீட்டும் மாத்திரை அட்டையும் ஆங்கிலத்தில் இருப்பதால் எந்த மருந்துக் கடையிலும் படிப்பார்கள். மாத்திரை தீர்ந்தாலும் காலி அட்டையை எறியாதிருந்தால் போதும்.

கயையில் கேட்கப்படும் பெயர்கள்

காசியிலும் பிரயாகையிலும் மொழி தெரியாமையால் நேர்வன பணமும் அலைச்சலும். கயையில் நேர்வது வேறு. விஷ்ணுபாதத்திலும், பல்குனி நதிக்கரையிலும், அட்சய வடத்தின் அடியிலும் பிண்டம் வைக்கும்போது நம் முன்னோர் பெயர்களை நாமே உரைக்க வேண்டும். தந்தை, பாட்டனார், முப்பாட்டனார். தாய், தந்தையின் தாய், பாட்டனாரின் தாய். அவ்வாறே தாய்வழியிலும் மூன்று தலைமுறை ஆண்களும் பெண்களும். மொத்தம் பன்னிரு பெயர்கள். இவர்களையன்றி, பிள்ளையின்றி மறைந்த சிற்றப்பா, அத்தை, ஆசிரியர், நண்பர் எனக் காருணிய பித்ருக்களும் உண்டு. கூட்டம் மிகுந்த நாளில் சடங்கு செய்விப்பவர் விரைவாகக் கேட்டுக்கொண்டே செல்வார். தமிழ் அறிந்த புரோகிதர் கிடைத்தால் நலம். கிடைக்காவிடில் ‘பிதா கா நாம்?’, ‘தாதா கா நாம்?’, ‘நானா கா நாம்?’ என்று இந்தியில் வரும். ‘நாம்’ என்றால் பெயர். ‘தாதா’ என்பது நாளிதழ்களில் நாம் படிக்கும் பொருளில் அன்று, தந்தையின் தந்தை. ‘தாதீ’ அவர் மனைவி. ‘நானா’ தாயின் தந்தை. ‘நானீ’ தாயின் தாய். ‘பர்தாதா’ என்றால் முப்பாட்டனார். இந்த ஐந்து சொற்களையும் வேறெதைக் கற்காவிடினும் கற்றுக்கொள்ள வேண்டும்.

இதற்கான ஆயத்தம் வீட்டிலேதான் நடக்க வேண்டும். பாட்டனார் பெயர் பலருக்குத் தெரியும். அவரைப் பெற்ற தாயின் பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் மௌனம் சாதிப்பர். “ஆச்சி” என்றும் “அப்பத்தா” என்றும் “பெரியாத்தா” என்றும் அழைத்தே பழகிய வாய்க்கு இயற்பெயர் வருவதில்லை. ஊரிலுள்ள மூத்த அத்தையையோ பெரியம்மாவையோ நேரில் கண்டு கேட்க வேண்டும். பழைய பத்திரங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றைப் புரட்ட வேண்டும். இதற்கு ஒரு மாதமேனும் ஆகும். அறியவே இயலாத பெயர்களுக்கு என்ன செய்வது என்பதை நம்மூர்ப் புரோகிதரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

பெயர்களை முறைப்படி வரிசையாக, கோத்திரத்துடன், தமிழில் ஒரு தாளிலும், முன்னர்க் கூறிய இந்தி ஆசிரியரைக் கொண்டு இந்தியில் ஒரு தாளிலும் எழுதிக்கொள்க. இந்தித் தாளை அவர் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழுக்கே உரிய ‘ழ’கரம் அங்கு வேறு ஒலியாகிவிடும், அழகம்மாளும் பழனியாண்டியும் எப்படி மாறி ஒலிக்கிறார்கள் என்பதை வீட்டிலேயே கேட்டுவிட்டால், பிண்டத்தின் முன் அமர்ந்திருக்கும்போது அது நம் பாட்டிதான் என்று தெரியும். அவர் வாசிக்கையில், நாம் நம் தமிழ்த் தாளைப் பார்த்து உரிய ஒலியோடு நாமும் சொல்லிக்கொண்டே வரலாம். பிண்டம் வைக்கும் கையில் தாளைப் பிடிக்க இயலாது. ஆகையால் பக்கத்தில் அமர்ந்து பெயரை எடுத்துக்கொடுக்க மனைவியோ மகனோ ஒருவர், தம்மிடம் ஒரு படியை வைத்திருக்க வேண்டும்.